வாசலில் ஒரு குடம் தண்ணீர்

துக்க வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர் எங்கள் பக்கத்தில் நேராக வீட்டுக்குள் நுழைவதில்லை. அவர் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, வாசல் ஓரத்தில் ஒரு குடம் தண்ணீரும் மாற்று வேட்டியும் எடுத்து வைத்திருப்பார்கள். அப்பா கேதத்துக்குப் போய் வரும் நாட்களில் அம்மா இதைச் செய்வதைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்பா வருவார். செருப்பைத் தெருவோரம் கழற்றுவார். ஒன்றும் பேசாமல் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வார். கட்டியிருந்த வேட்டியை அங்கேயே நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு, மாற்று வேட்டி கட்டி, திருநீறு இட்டபிறகுதான் நிலைப்படியைத் தாண்டுவார். அதுவரை யாரும் அவரிடம் எதுவும் கேட்கக்கூடாது. எப்படிச் செத்தார், யார் யார் வந்திருந்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். சாப்பாட்டின் நடுவே அவராகப் பேச ஆரம்பித்தால் உண்டு, இல்லையென்றால் அன்றைக்கு இல்லை.

இதற்குத் தீட்டு என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கொண்டே மனிதரை மனிதர் ஒதுக்கிய கொடுமையும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. அதை நான் மறக்கவில்லை, அதற்கு வக்காலத்தும் வாங்கவில்லை. என் மனதில் நிற்பது அந்தக் குடம் மட்டும்தான். போனவர் எங்கே போயிருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரியும் என்பதற்கு அது அடையாளம்.

இருபத்தாறு ஆண்டுகள் செய்தித் தொழிலில் இருந்திருக்கிறேன். எத்தனை துக்க வீடுகளுக்குப் போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. திரும்பி வந்த ஒரு நாளும் அலுவலக வாசலில் எனக்கென்று ஒரு குடம் இருந்ததில்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதுகூட ரொம்ப காலம் எனக்குத் தோன்றவில்லை.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. அப்போது நான் தஞ்சாவூரில் நிருபர். முற்பகலில் கும்பகோணத்திலிருந்து போன் வந்தது. காசிராமன் தெருவில் பள்ளிக்கூடம் எரிகிறது என்றார்கள். எங்கள் புகைப்படக்கார அண்ணனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நாற்பது கிலோமீட்டர் போனேன். போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மதிய உணவு சமைத்த இடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு கீற்றுக் கூரையைப் பிடித்து, அந்தக் கூரை வகுப்பிலிருந்த பிள்ளைகள் மேலேயே விழுந்திருந்தது. இறந்த குழந்தைகள் 94 பேர். அன்று பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

அரசு மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை டெஸ்க்கிலிருந்து போன். "இப்ப எத்தனை?" சொல்வேன். "சரி." வைத்துவிடுவார்கள். மறுபடி அரை மணியில், "இப்ப எத்தனை?" கேட்டவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எடிஷன் போக வேண்டும், எண்ணிக்கை தப்பக்கூடாது, பக்கத்துப் பேப்பரில் வேறு எண் வந்துவிடக்கூடாது. பின்னாளில் டெஸ்க்கில் உட்கார்ந்தபோது நானும் அதே கேள்வியை அதே குரலில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கேள்வி மாறியது. "குழந்தைங்க போட்டோ வேணும். வீடு வீடாப் போய் வாங்கிடு. நாளைக்கு ஒரு பக்கம் முழுக்கப் போடுறோம்."

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வேலை அவ்வளவாகத் தெரியாது. விபத்தோ கொலையோ தற்கொலையோ, செத்தவரின் படம் மறுநாள் பேப்பரில் வருகிறதே, அது தானாக வருவதில்லை. உடல் இன்னும் வீடு வந்து சேராத நேரத்தில் ஒரு நிருபர் அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்டு வாங்கியிருப்பார். அன்று அது ஐந்தாவது வீடோ ஆறாவது வீடோ. ஒற்றை அறை. அந்த அம்மா அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். நான் கேட்டதும் எழுந்து, தகரப் பெட்டியைத் திறந்து, துணிமணிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்தார். ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னால் அருவி வரைந்த திரை. குழந்தை பட்டுப்பாவாடை கட்டி, ஒரு கையைப் பொம்மை டெலிபோன் மேல் வைத்திருந்தது. முந்தானையால் படத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு நீட்டினார்.

"இது ஒண்ணுதான் இருக்கு தம்பி. திருப்பிக் கொடுத்துடுவீங்கள்ல?"

"கண்டிப்பாக் கொண்டாந்து கொடுத்துடுறேங்க்கா."

படங்களைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். இரவு ஒரு மணிக்கு மேல் அறைக்கு வந்தேன். கூட இருந்தவர்கள் தூங்கிப் போயிருந்தார்கள். அதே சட்டையோடு படுத்தேன். காலையில் ஏழு மணிக்கு மறுபடி போன்: "ஃபாலோ அப் என்ன?"

பக்கம் வந்தது. இரண்டு வாரம் கழித்து படங்கள் அதேபோல் பஸ் கவரில் திரும்பி வந்தன. மற்றவற்றை உள்ளூர் நிருபர் மூலம் அந்தந்த வீட்டுக்குச் சேர்ப்பித்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் நானே நேரில் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்தேன். நாளை, அடுத்த வாரம், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். கும்பகோணம் போகும்போதெல்லாம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போனேன். சோம்பல் என்றுதான் என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். பேரதிர்ச்சியைக் கண்டவர்கள் அந்த இடத்தையும் அந்த மனிதர்களையும் அந்தப் பேச்சையும் விலக்கிக்கொண்டே போவது மனநல மருத்துவர்கள் முதலில் தேடும் அறிகுறிகளில் ஒன்று என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அண்ணனுக்கு வேறு மாதிரி. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்புப் புகை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். தன் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், கூரை ஓடா கீற்றா என்று பார்த்துவிட்டு வந்தார். கான்கிரீட் என்று தெரிந்தபிறகும் இரண்டு முறை போனார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கும்பகோணத்தில் நின்ற அதே நிருபர்கள்தான், அதே புகைப்படக்காரர்கள்தான் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் நின்றோம். டெல்டாவில் வேறு ஆள் ஏது? அப்போதும் போன் வந்தது. "இப்ப எத்தனை?"

அண்ணன் நான்கு நாள் படம் எடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் கேமராவை லாட்ஜில் வைத்துவிட்டு, உடல்களை எடுத்துக்கொண்டிருந்த தொண்டர்களோடு சேர்ந்துகொண்டார். அலுவலகத்தில் அது 'தகவல் சொல்லாமல் டியூட்டிக்கு வரவில்லை' என்று ஆயிற்று. விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கம் எழுதவில்லை, ராஜினாமா எழுதினார். இன்று ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் முக்கால்வாசி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுக்க வந்தால், கேட்ட பிரதிகளுக்கு மேல் ஒன்றைக் காசு வாங்காமல் போட்டுக் கொடுப்பார். "ஒண்ணு எங்கயாச்சும் போனாலும் வீட்டுல ஒண்ணு இருக்கணும்" என்பார். அதற்கு மேல் அந்த ஆண்டைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை.

எழுதிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். கவிதைக்கும் கதைக்கும் அது பொருந்தலாம். செய்திக்குப் பொருந்தாது. எண்ணிக்கை செய்தியில் போகும். அமைச்சர் வந்து பார்த்தது, நிவாரணத் தொகை, எப்.ஐ.ஆர். எல்லாம் போகும். தகரப் பெட்டி போகாது, முந்தானையால் துடைத்தது போகாது. நானூறு சொல்லில் அதற்கு இடமில்லை. அச்சில் ஏறாத அத்தனையும் எழுதியவனோடு வீட்டுக்கு வருகிறது.

இது எனக்கோ அண்ணனுக்கோ மட்டும் நேர்ந்த பலவீனம் இல்லை என்பதை ஒரு ஆய்வைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். டொரான்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டைன் போர்முனைச் செய்தியாளர்கள் 140 பேரை ஆராய்ந்து 2002ல் வெளியிட்டது அது. அவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் இருந்திருக்கிறது. சண்டைக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களிடம் காணப்படும் அளவு. ஆனால் போர்முனைக்கே போகாத சக பத்திரிகையாளர்களைவிட இவர்கள் கூடுதலாகச் சிகிச்சைக்குப் போனதாகத் தெரியவில்லை. சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனையாவது உண்டு.

களத்துக்குப் போனால்தானே இந்தப் பாடு, டெஸ்க்கில் ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன என்று கேட்பார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் டெஸ்க்குக்கு மாற்றல் வாங்கினேன். 2009 பிறந்தது. இறுதிப்போர் நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து மின்னஞ்சலில் படங்கள் வர ஆரம்பித்தன. ஒரு படத்தை அச்சில் போட வேண்டுமென்றால் ஐம்பது படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். 'இதை வாசகர் தாங்கமாட்டார்' என்று தள்ளி வைக்கும் ஒவ்வொரு படத்தையும் யாரோ ஒருவர் முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் தள்ளி வைக்கிறார். மே மாதம் முடியும்வரை அந்த யாரோ ஒருவன் நான். மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பேன், மூடிவிடுவேன். வீட்டில் அல்சர் என்றார்கள். அல்சருக்கு மருந்தும் சாப்பிட்டேன்.

இதே ஃபைன்ஸ்டைன் குழு பின்னாளில் டெஸ்க்கில் இருப்பவர்களையும் ஆராய்ந்து 2014ல் வெளியிட்டது. பொதுமக்கள் எடுத்தனுப்பும் கொடூரமான காணொளிகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருப்பவர்கள் அவர்கள். எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்பதைவிட, எத்தனை அடிக்கடி பார்க்கிறார்கள் என்பதே மனதைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்று அதில் தெரிந்தது. தினம் தினம் பத்து நிமிடம் என்பது சாதாரணம் இல்லை. இன்றைக்கு ஒவ்வொரு நிருபரின் வாட்ஸ்அப்பிலும் அதுதான் நடக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ல் திருத்தி வெளியிட்ட நோய்க் கையேடும் வேலைக்காகப் பார்ப்பதால் வரும் பாதிப்பை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. டிவியிலோ படத்திலோ பார்ப்பதைப் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கான காரணமாகக் கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பார்வை ஒருவரது வேலையாக இருந்தால் தவிர என்று விலக்கும் கொடுத்தது. டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி மருத்துவப் புத்தகத்தில் வந்துவிட்ட வரி அது. எங்கள் அலுவலகங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தாலுகா அளவில் வேலை பார்க்கும் பகுதி நேர நிருபரின் நிலையை யாரும் எந்த ஆய்விலும் சேர்த்து நான் பார்த்ததில்லை. அவருக்கு மாதச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. விளம்பரம் பிடித்தால் கமிஷன். சென்னையிலிருந்து போகும் நிருபர் மூன்றாம் நாள் ரயிலேறிவிடுவார். இவருக்கு அதே ஊர்தான். செத்தவர் இவர் பெண்டாட்டிக்கு ஒன்றுவிட்ட உறவாக இருப்பார், அல்லது மகனோடு படித்தவராக இருப்பார். காலையில் மார்ச்சுவரி வாசலில் நின்று எண்ணிக்கை சொல்லிவிட்டு, சாயங்காலம் அதே கடைத்தெருவில் பொங்கல் மலருக்கு விளம்பரம் கேட்டுப் போக வேண்டும். போலீஸ் தரப்பை எழுதினால் ஊரார் முறைப்பார்கள், ஊரார் சொன்னதை எழுதினால் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். 1955ல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நான்கு வாரத்துக்கு 144 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்று நேரத்துக்குக் கணக்கு வைத்தது. அந்தக் கணக்கே இவரைத் தொட்டதில்லை. பார்த்ததன் கனத்துக்கு எந்தச் சட்டமும் கணக்கு வைத்ததில்லை.

பெண் நிருபர்கள் சுமப்பது இதற்கு மேல். யுனெஸ்கோவும் சர்வதேசச் செய்தியாளர் மையமும் 2020ல் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் நூற்றுக்கு 73 பேர் இணையத்தில் வசைக்கும் மிரட்டலுக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் எழுதிய செய்திக்குக் கீழே வந்தவற்றை ஒருநாள் படித்துக் காட்டினார். இரண்டு வரிக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. அவர் முன்னூற்றுச் சொச்சத்தையும் படித்திருந்தார். "யாராவது வீட்டு அட்ரஸ் போட்டிருக்காங்களான்னு பாக்கணும்ல சார்" என்றார்.

இத்தனையும் சொல்லும்போது என்னை அறுக்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன்னால் நின்றுகொண்டு, படம் வாங்கப் போனவன் தன் மனவேதனையைப் பேசலாமா? அதுவும் ஒரு துக்கமா? எங்களில் பெரும்பாலானோர் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு வெட்கம், வேலை போய்விடும் என்ற பயம் இவற்றைவிட இந்தக் கேள்விதான் பெரிய காரணம். நமக்கு என்ன உரிமை என்ற எண்ணம்.

சமூகமும் அதையே திருப்பிச் சொல்கிறது. கெவின் கார்ட்டர் கதையை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர் குறைவு. தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர். 1993ல் சூடான் பஞ்சத்தில் சுருண்டு கிடந்த குழந்தையையும் அதன் பின்னால் உட்கார்ந்திருந்த கழுகையும் படம் எடுத்தார். 1994ல் புலிட்சர் பரிசு. அதே ஆண்டு ஜூலையில் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 33. குழந்தையைக் காப்பாற்றாத குற்ற உணர்ச்சிதான் அவரைக் கொன்றது என்று முடித்து, கீழே கைகூப்பும் படம் போட்டு நமக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழந்தை ஐ.நா. உணவு மையத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அந்தப் பஞ்சத்தில் சாகவில்லை என்று ஸ்பெயினின் எல் முண்டோ நாளிதழ் 2011ல் தேடிப் போய் எழுதியது. கார்ட்டர் அதற்கு முன்பே பல ஆண்டுகள் தன் நாட்டுத் தெருக்களில் கொலைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தவர். பரிசு அறிவித்த சில நாட்களுக்குள் அவருடைய நெருங்கிய நண்பர் கென் ஊஸ்டர்புரூக் தோக்கோசாவில் படமெடுக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். பணமுடை வேறு. ஒருவரின் தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது எங்கேயும் தவறு. ஆனால் இந்தக் கதை இத்தனை விருப்பமாகப் பரவுவதற்குக் காரணம் இருக்கிறது. பார்த்தவனைக் குற்றவாளியாக்கிவிட்டால், அந்தப் பஞ்சத்தை உண்டாக்கிய போரைப் பற்றி யாரும் நினைக்க வேண்டியதில்லை.

இன்னொரு கதை வாட்ஸ்அப்பில் வருவதில்லை. மெல்பர்னில் 'தி ஏஜ்' நாளிதழில் பத்தாண்டு குற்றச் செய்தி எழுதிய ஒரு பெண் நிருபர், அந்த வேலை தன் மனநலத்தைக் கெடுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். சின்னக் குழந்தை ஒன்று கொல்லப்பட்ட செய்தியை எழுதியபின் அவர் உடைந்துபோயிருந்தார். பிறகு அவரை மாநில உச்ச நீதிமன்றச் செய்திக்கு அனுப்பினார்கள். அங்கே அதே வழக்கு விசாரணைக்கு வந்தது. 2019ல் விக்டோரியா மாநில நீதிமன்றம் அவருக்கு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இப்படி ஆகும் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கட்டடத் தொழிலாளிக்கு ஹெல்மெட் எப்படியோ அப்படி. எனக்குத் தெரிந்து இந்தத் தீர்ப்பைத் தமிழ்நாட்டில் எந்த நிர்வாகமும் தன் ஊழியர் கூட்டத்தில் படித்துக் காட்டியதில்லை.

யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006 மே 2ஆம் தேதி இரவு ஆயுததாரிகள் உள்ளே புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். சுவரில் குண்டு துளைத்த இடங்களை அவர்கள் பூசி மறைக்கவில்லை. ஆசிரியர் கானமயில்நாதன் வெளியே போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே தங்கிப் பேப்பரை நடத்தினார். எனக்குத் துக்கத்தோடு திரும்பி வர ஒரு வாசலாவது இருந்தது. அவர்களுக்கு அலுவலகமும் துக்க வீடும் ஒரே கட்டடம்.

மறுபடி அம்மாவின் குடத்துக்கு வருகிறேன். அந்தத் தண்ணீர் அப்பாவின் துக்கத்தைக் கழுவிவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. குளித்த பிறகும் அவர் முகம் அப்படியேதான் இருக்கும். அப்படியானால் அது என்ன செய்தது? சாவைப் பார்த்த மனிதன் அதைப் பார்க்காதவன்போல உள்ளே வர வேண்டியதில்லை என்று சொன்னது. கொஞ்சம் நில், நாங்கள் காத்திருக்கிறோம் என்றது. அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேரதிர்ச்சிக்கு ஆளானவரை உடனே உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லு என்று கட்டாயப்படுத்துவது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பக்கத்தில் இருப்பது, சாப்பாடு, தூக்கம், தெரிந்த முகங்கள், கேட்டால் உதவி, இவைதான் முதலில். அம்மா எந்த மருத்துவப் புத்தகமும் படித்தவரில்லை.

அப்பா போனது பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டுக் கேதத்துக்கு இல்லை. தெருவில் யாரோ, வயலில் கூட வேலை பார்த்தவர் யாரோ. பங்காளிக்குத்தான் பதினாறு நாள் துக்கம். ஆனால் போய் நின்று பார்த்துவிட்டு வந்த எல்லோருக்கும் அந்த ஒரு குடம் உண்டு. அதாவது, பார்த்தவனும் துக்கக்காரன்தான் என்று நம் வீடுகள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. தாயின் துக்கத்தோடு போட்டி போடும் துக்கம் இல்லை அது. அதற்கு அளவு வேறு, காலம் வேறு. ஆனால் அதுவும் துக்கம். அந்தத் தாய் படத்தைத் துடைத்து நீட்டியபோது என் தொண்டை அடைத்ததே, அந்த அடைப்பு இல்லாத ஒருவன் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் அவளிடம் வேறு விதமாகப் பேசியிருப்பான், வேறு விதமாக எழுதியிருப்பான். வலிக்கிற இடமும் எழுதுகிற இடமும் ஒன்றுதான். வலிக்காமல் இருக்கப் பழகிக்கொள் என்று இளம் நிருபருக்குச் சொல்லிக் கொடுக்கிற மூத்தவர்களே, அவரிடமிருந்து எதைப் பிடுங்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நானும் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. எண்பது மணி நேரத்துக்கு மேல் டிவிகளில் லைவ். தமிழ்நாடே பார்த்தது, கடைசியில் அழுதது, டிவியை அணைத்தது. அங்கே நின்ற ஒரு தம்பி ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னான்: "நாலு நாளும் 'நம்பிக்கையோடு காத்திருக்கிறோம்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன் சார். இப்ப அந்த வார்த்தையை யாராவது சொன்னாலே எரிச்சலா வருது." நான் அவனுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "வா, சாப்பிடப் போகலாம்" என்றேன். அவன் அழுதான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூருக்குக் கட்சிக் கூட்டச் செய்தி எடுக்கப் போனவர்கள், கூட்ட நெரிசலுக்குப் பிறகு ராத்திரி அரசு மருத்துவமனை வாசலில் நின்று சாவை எண்ணினார்கள்; கடைசியில் எண்ணிக்கை 41 ஆயிற்று. அவர்களில் பலருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவர்களை அன்றிரவு யார் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஆகவே செய்தி ஆசிரியர்களாகவும் தலைமை நிருபர்களாகவும் இருப்பவர்களிடம் கேட்கிறேன். எத்தனை என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அடுத்த மூச்சில் சாப்பிட்டாயா, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேளுங்கள். மூன்றாம் நாள் ஆளை மாற்றுங்கள், மாற்றியதைத் தண்டனைபோல் காட்டாதீர்கள். கோரமான காணொளியைப் பார்க்கச் சொல்லுமுன் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு அனுப்புங்கள். ஒலியை நிறுத்திவிட்டு, படத்தைச் சின்னதாக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரே ஆளிடம் தினமும் தள்ளாதீர்கள். நினைவு நாள் செய்திக்கு ஆண்டுதோறும் அதே நிருபரை அனுப்பாதீர்கள், அவர் போகிறேன் என்றால் தவிர. மனநல மருத்துவரிடம் போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சு உங்கள் அறையைத் தாண்டக்கூடாது. பகுதி நேர நிருபரும் இந்தக் கணக்கில் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அவர் வந்ததும், என்ன ஆச்சு, டிவியில் பார்த்தோமே என்று தொடங்காதீர்கள். குளிக்கத் தண்ணீர் எடுத்து வையுங்கள். பேசினால் கேளுங்கள். தூக்கமில்லாமல், எரிந்து விழுந்துகொண்டு, குடிக்கத் தொடங்கி, வாரங்கள் ஓடினால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். செய்தியாளராக இருந்து இதைப் படிப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

2014 ஜூலை 30 அன்று கும்பகோணம் தீ விபத்து வழக்கில் தஞ்சாவூரில் தீர்ப்பு வந்தது. மறுநாள் நான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பத்து ஆண்டு கழித்து அந்தத் தெருவில் கால் வைத்தேன். வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது. அவர்கள் ஊரைவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றார்கள். அதன்பிறகும் இரண்டு முறை விசாரித்தேன். படம் இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பின்னால் அருவித் திரை, பட்டுப்பாவாடை, பொம்மை டெலிபோன். அக்கா, நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கொண்டுவந்து கொடுக்கிறேன்.